சாரின் கிணற்று நோட்டுகளும் என் வீட்டுப் பிரச்சனையும்: யோசனை சொல்லுங்கள்

ஊற்றுக்கால்

எல்லோருக்கும் வணக்கம். இதுவரை இங்கே மாதிரித் தண்ணீர் எப்படி எடுப்பது, ஃப்ளூரைடு கிட் எங்கே கிடைக்கும் போன்ற கேள்விகளுக்குத்தான் பதில் எழுதியிருக்கிறேன். இன்றைக்கு எழுதுவது பாதி தொழில், பாதி குடும்பம். தனித்தனியாக எழுதிப் பார்த்தேன், வரவில்லை.

நான் நிலத்தடி நீர் வேதியியல் படித்தவள். வேலை வேலூரில். எனக்கு ஆராய்ச்சி வழிகாட்டியாக இருந்த பேராசிரியர் போன ஆண்டு காலமானார். பெயர் வேண்டாம். எண்பதுகளிலிருந்து, வாணியம்பாடியில் தொடங்கி வாலாஜா வரைக்கும் பாலாற்றின் இரண்டு கரையிலும் இருக்கிற கிணறுகளை வருடத்துக்கு இரண்டு முறை, மழைக்கு முன்னும் பின்னும், போய்ப் பார்த்து எழுதிவைத்தவர். யாரும் பணம் கொடுத்துச் செய்த வேலை இல்லை. டிவிஎஸ் 50இல் இரண்டு பக்கமும் கேன் தொங்கவிட்டுக்கொண்டு போவார்.

நோட்டுகள் எல்லாம் கடைக்காரர்கள் வைத்திருக்கும் நீளக் கணக்கு நோட்டு. கிணற்றுக்கு ஒரு பக்கம். கிணறுகளுக்கு வரிசை எண் போட மாட்டார். 'மணியக்காரர் கிணறு', 'புளியமரத்துக் கிணறு', 'இரட்டைக் கமலை' என்றுதான் தலைப்பு. நீர்மட்டம், மின்கடத்துதிறன், கடினத்தன்மை, குளோரைடு, பிற்பாடு குரோமியம். கடைசிக் கட்டம் 'ருசி'. அதில் 'கரிப்பு', 'லேசான கசப்பு', சில இடங்களில் 'மாடு குடிக்கவில்லை' என்று இருக்கும்.

அவர் மனைவி காட்பாடி வீட்டை விற்றுவிட்டு மகளோடு கோவைக்குப் போகிறார். தைக்குள் நோட்டுகளை எடுக்க வேண்டும். ஒரு நிறுவனம் கேட்கிறது. கொடுத்தால் ஸ்டோர் ரூமுக்குத்தான் போகும், கரையானுக்கு நல்லது. இன்னொருவர் கட்டுரை எழுதக் கேட்கிறார். சார் ஆஸ்பத்திரியில் இருந்தபோது என் கையைப் பிடித்துக்கொண்டு "நீ பாத்துக்கோ" என்றார். வேறு எதுவும் சொல்லவில்லை.

என் கணவர் ஆம்பூர் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் இருக்கிறார். வீட்டுக் கடன் அவர் சம்பளத்தில்தான் போகிறது. "இந்த நோட்டு வெளியே வந்தா விரல் யார் பக்கம் நீளும்னு உனக்குத் தெரியும். வீட்டுக்குள்ள கொண்டுவராதே" என்று சொல்லிவிட்டார். அதோடு பேச்சு நின்றது. ப்ளஸ் டூ படிக்கிற மகள்தான் எங்களுக்குத் தபால்காரி. "அம்மா, அப்பா கேஸ் புக் பண்ணச் சொன்னார்." "அப்பா, அம்மா நேத்தே பண்ணிட்டாங்களாம்." இப்படிப் போகிறது.

நோட்டுகளை என்ன செய்வது? வீட்டை என்ன செய்வது?

காட்பாடி ஜங்ஷன்

குடும்ப விஷயத்துக்குத் தனிப் பகுதி இருக்கிறதே, நீர்வளத்தில் எதுக்கு? அங்கே மாற்றிவிடுங்கள்.

நெறியாளர்

இங்கேயே இருக்கட்டும். தனி ஆளின் பெயர், கம்பெனி பெயர் மட்டும் வரக்கூடாது.

பொன்னையாறு

பாலாறு கெட்டதுக்கு முதல் காரணம் மேலே கட்டின தடுப்பணைகள். 1892 சென்னை-மைசூர் ஆற்று நீர் ஒப்பந்தத்தை மதித்திருந்தால் இந்த நோட்டே தேவைப்பட்டிருக்காது. குப்பம் பக்கம் போய்ப் பாருங்கள்.

நெறியாளர்

ஒப்பந்தத்துக்கு ஏற்கெனவே ஓர் இழை ஓடிக்கொண்டிருக்கிறது. அங்கே போங்கள் சார்.

ஓய்வுபெற்ற ஏ.இ.

வீட்டு விஷயத்தில் நான் வாய் திறக்க மாட்டேன். எனக்கே அதில் நல்ல பெயர் இல்லை. உதவிப் பொறியாளராக இருந்தவன், நோட்டைப் பற்றிச் சொல்கிறேன் அம்மா.

பாதுகாப்பதைப் பற்றிப் பேசுவதற்கு முன் அதில் இருக்கிற எண்களை நம்பலாமா என்று பாருங்கள். கால்சியம், மக்னீசியம், சோடியம், பொட்டாசியம் ஒரு பக்கம். குளோரைடு, சல்பேட், பைகார்பனேட் மறுபக்கம். மில்லி ஈக்விவலென்ட்டுக்கு (அயனியின் மின்னூட்டத்தையும் சேர்த்துக் கணக்கிடும் அலகு) மாற்றிக் கூட்டினால் இரண்டு பக்கமும் ஏறக்குறைய சமமாக வர வேண்டும். வித்தியாசம் 5 சதவீதத்துக்குள் என்றால் நல்ல பரிசோதனை. 10ஐத் தாண்டினால் அந்த வரியைத் தள்ளுங்கள். எல்லாவற்றையும் அவர் பார்த்திருக்க மாட்டார், தனி ஆள். அப்படியானால் மின்கடத்துதிறனையும் மொத்தக் கரைந்த உப்பையும் வைத்துப் பாருங்கள். உப்பை மின்கடத்துதிறனால் வகுத்தால் விகிதம் 0.55இலிருந்து 0.75க்குள் நிற்கும். அங்கங்கே எகிறினால் மீட்டரிலோ கையிலோ கோளாறு.

குரோமியம் கட்டத்தில் இன்னும் கவனம் வேண்டும். மாதிரி எடுத்த உடனே நைட்ரிக் அமிலம் விட்டாரா என்று எங்கேயாவது எழுதியிருக்கிறாரா பாருங்கள். விடாவிட்டால் பாட்டில் சுவரிலேயே ஒட்டிக்கொண்டு அளவு குறைவாகக் காட்டும். தோல் பதனிடப் போடுவது மூன்று இணைதிறன் குரோமியம். அது சாதாரணத் தண்ணீரில் படிந்து மண்ணிலும் சேற்றிலும் தங்கிவிடும். ராணிப்பேட்டை குரோமேட் கழிவு மேட்டில் இருப்பது ஆறு இணைதிறன், கரைந்து தண்ணீரோடு நடக்கும். அதனால் உங்கள் நோட்டில் ஆம்பூர் பக்கத்துக் கிணறுகள் உப்பில் மோசமாகவும் குரோமியத்தில் அப்படி இல்லாமலும் தெரிந்தால் ஆச்சரியப்படாதீர்கள். இதைப் புரிந்துகொள்ளாமல் யாராவது 'குரோமியமே இல்லை, எல்லாம் பொய்' என்று கிளம்பிவிடுவார்கள். குடிநீரில் மொத்தக் குரோமியம் லிட்டருக்கு 0.05 மில்லிகிராம் தாண்டக்கூடாது. கரைந்த உப்பு 500 வரை நல்லது, வேறு வழி இல்லையென்றால் 2000 வரை பொறுக்கலாம்.

கடைசியாக ஒன்று. திறந்த கிணறு ஆற்று மணலிலும் மேல் பாறைச் சிதைவிலும் ஊறுகிற தண்ணீர். அது வற்றி அதே வயலில் போர் போட்டால் அடிப் பாறை வெடிப்புத் தண்ணீர். இரண்டையும் ஒரே பக்கத்தில் வரிசையாக எழுதியிருந்தால் அது ஒரே கிணற்றின் கதை இல்லை. நடுவில் ஒரு கோடு போடுங்கள். நோட்டின் மதிப்பே போர் வருவதற்கு முந்தைய பக்கங்களில்தான். அந்தக் கிணறுகளில் இனி யாரும் மாதிரி எடுக்க முடியாது. மணலும் போச்சு, ஊற்றும் போச்சு.

தோல்மண்டி பாய்

சகோதரி, நான் வாணியம்பாடி. மூன்று தலைமுறையாகத் தோல். தாத்தா ஆவாரம்பட்டை போட்டுப் பதனிட்டவர். எழுபதுகளில் அரசாங்கம் பாதி பதனிட்ட தோலை வெளிநாட்டுக்கு அனுப்பாதே, முடித்த தோலாக அனுப்பு என்று நெருக்கியது. அந்நியச் செலாவணி. குரோமியம் ஊரெல்லாம் பரவியது அதற்குப் பிறகுதான். இதை யாரும் சொல்வதில்லை.

1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தது. மாசுபடுத்தியவன் பணம் கட்டு என்றார்கள். ஒவ்வொரு தொழிற்சாலைக்கும் பத்தாயிரம் அபராதம். பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில் சேர்ந்தோம். ஆனால் பச்சைத் தோல் கெடாமல் இருக்க உப்புப் போட்டுத்தான் வரும். அதை ஊறவைத்த தண்ணீரில் இருக்கிற உப்பைச் சாதாரணச் சுத்திகரிப்பு எடுக்காது. ஆர்.ஓ. போட வேண்டும், வடித்தெடுத்த உப்பை எங்கே கொட்டுவது என்று திரும்பக் கேள்வி. பெரிய கம்பெனிக்காரன் சமாளித்தான், சின்னவன் மூடிவிட்டான். எங்கள் வீட்டுக் கிணறும் கரிப்புதான். நானும் கேன் தண்ணீர்தான் குடிக்கிறேன்.

உங்கள் வீட்டுக்காரர் பயப்படுவது எண்ணுக்கு இல்லை. நாளைக்குக் கம்பெனி கேன்டீனில் ஒருத்தன் "உன் பொண்டாட்டிதானே?" என்று கேட்பான் பாருங்கள், அதற்கு. அந்தக் கேள்விக்கு அவரிடம் பதில் இல்லை. அதைச் சின்ன விஷயம் என்று நினைக்காதீர்கள். ஆம்பூரில் பாதி வீட்டில் அடுப்பு எரிவது தோலில்.

பழைய மாணவன்

மன்னிக்கணும், குறுக்கே வருகிறேன். யார் சார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. 2003க்குப் பிறகு சில வருடங்கள் அந்த நோட்டுகளில் இருக்கும் கையெழுத்து என்னுடையது. சார் கண்ணில் புரை விழுந்திருந்த சமயம், அவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். பொங்கலுக்குக்கூட ஊருக்கு விட மாட்டார், மழைக்குப் பிந்தைய மாதிரி எடுக்கிற வாரம் அதுதான் என்பார்.

அக்கா, வருத்தப்படாதீர்கள். "நீ பாத்துக்கோ" என்று என்னிடமும் சொன்னார். என் கல்யாணத்தில் மேடையில் வைத்துச் சொன்னார். பள்ளிகொண்டாவில் ஒரு டீக்கடைக்காரரிடம் சொல்லி நான் கேட்டிருக்கிறேன். அவர் எல்லோரிடமும் சொல்வார். அதனால் நீங்கள் மட்டும்தான் வாரிசு என்பது மாதிரி எழுதியிருப்பதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். யாருக்குக் கொடுப்பது என்று முடிவெடுக்கும்போது எங்களையும் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

காட்பாடி ஜங்ஷன்

டீக்கடைக்காரருக்கும் ஒரு பங்கு எழுதிவிடுங்கள் 😄

குடியாத்தம் மருமகள்

எல்லோரும் குரோமியத்தில் நிற்கிறீர்கள். நான் ஒரே ஒரு கேள்வி கேட்கிறேன். சார் இறந்து நோட்டு பேச்சு வருவதற்கு முன்னால் நீங்கள் இரண்டு பேரும் ஒழுங்காகப் பேசிக்கொண்டிருந்தீர்களா கண்ணு? உண்மையைச் சொல்லு. எங்க வீட்டிலும் ஒரு ஆராய்ச்சிக்காரர் இருக்கிறார், அதனால் கேட்கிறேன். சண்டை போட ஒரு சாமான் கிடைத்துவிட்டால் அதையே பிடித்துக்கொண்டு வருடக்கணக்கில் ஓட்டலாம்.

சத்துவாச்சாரி வக்கீல்

நாளைக்கு உதவும் என்பதால் சொல்லி வைக்கிறேன். பிரிவது என்று இருவரும் ஒத்துப்போனாலும் இந்து திருமணச் சட்டம் 13பி படி மனு போடும் முன் ஓராண்டு பிரிந்து வாழ்ந்திருக்க வேண்டும். ஒரே வீட்டில் இருந்துகொண்டே கணவன் மனைவியாக வாழவில்லை என்றால் அதுவும் பிரிந்து வாழ்வதுதான் என்று உச்ச நீதிமன்றம் 1991இல் சொல்லியிருக்கிறது. மனு போட்ட பின் காத்திருக்கச் சொல்கிற ஆறு மாதத்தை நீதிமன்றம் விரும்பினால் குறைக்கலாம். மகளுக்குப் பரீட்சை முடியட்டும், அவசரம் ஒன்றும் இல்லை. வீட்டுக் கடன் யார் பெயரில் இருக்கிறது, பத்திரம் யார் பெயரில் இருக்கிறது என்று மட்டும் இப்போதே பார்த்து வையுங்கள்.

ஊற்றுக்கால்

குடியாத்தம் அக்காவுக்கு: பேசிக்கொண்டிருக்கவில்லை. மகள் ஐந்தாவது படிக்கும்போது எனக்குச் சென்னையில் நல்ல வேலை வந்தது. அம்மாவை விட்டு வர முடியாது என்றார். சரி என்று விட்டேன். அப்புறம் அவருக்கு எத்தியோப்பியாவில் ஒரு தோல் தொழிற்சாலையில் கூப்பிட்டார்கள், குடும்பத்தோடு வரலாம் என்றார்கள். நான் வரவில்லை என்றேன். அவர் தனியாகப் போய்ச் சம்பாதித்துத் திரும்பி வந்தார். வந்தவர் சொந்த வீட்டில் விருந்தாளி மாதிரி உட்கார்ந்தார். துண்டு எங்கே இருக்கிறது என்று என்னைக் கேட்பார். அந்தத் துண்டில் தொடங்கி எங்கேயோ பேச்சு நின்றுபோனது. நோட்டு வந்தது அதற்கு ரொம்பப் பிறகு. நீங்கள் கேட்டதும்தான் வரிசைப்படுத்திப் பார்த்தேன்.

பழைய மாணவருக்கு: மேடையில் சொன்னாரா! எனக்கு இரண்டு நாள் கோபம், பிறகு சிரிப்பு வந்துவிட்டது. உங்கள் கையெழுத்து அழகு, அந்த வருடங்கள் மட்டும்தான் கண்ணாடி இல்லாமல் படிக்க முடிகிறது. தனிச் செய்தியில் எண் அனுப்புங்கள்.

பாய் சொன்ன கேன்டீன் கேள்வியை நான் யோசித்ததே இல்லை. அவரும் அப்படிச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் வேறு மாதிரிப் பேசியிருப்போமோ என்னவோ.

ஏ.இ. சார், அமிலம் விட்டதை ஒவ்வொரு தடவையும் மூலையில் 'ந' என்று குறித்திருக்கிறார். 'ந' இல்லாத பக்கங்களும் உண்டு. அவற்றைத் தனியாக வைக்கிறேன்.

ஓய்வுபெற்ற ஏ.இ.

'ந' போட்டிருக்கிறாரா? அப்படியானால் கெட்டிக்காரர். என் காலத்தில் ஆய்வகத்திலேயே பாதிப் பேர் போட மாட்டார்கள்.

அம்மா, ஒரு யோசனை. நிறுவனத்துக்குக் கொடுப்பதா, மாணவருக்குக் கொடுப்பதா என்று அடித்துக்கொள்கிறீர்கள். கிணறு யாருடையது? அவரவர் பக்கத்தை நகல் எடுத்து அவரவர் வீட்டில் கொடுங்கள். மணியக்காரர் கிணற்றுப் பக்கம் மணியக்காரர் பேரனுக்கு. அவன் பூட்டி வைக்கட்டும், கிழிக்கட்டும், கலெக்டரிடம் கொண்டுபோகட்டும், அது அவன் பாடு. முழுத் தொகுப்பை ஸ்கேன் செய்து இரண்டு மூன்று இடத்தில் வையுங்கள். மூல நோட்டை எங்கே வைத்தாலும் அப்புறம் பரவாயில்லை.

தோல்மண்டி பாய்

சார், நல்ல மனசோடு சொல்கிறீர்கள், ஆனால் இது நெருப்பு. 2025 ஜனவரியில் மறுபடியும் உச்ச நீதிமன்றம் பாதிக்கப்பட்டவர்களுக்கு இழப்பீட்டை அரசு கொடுத்துவிட்டு மாசுபடுத்தியவர்களிடம் வசூல் செய்யட்டும் என்று சொல்லியிருக்கிறது. இந்த நேரத்தில் வீடு வீடாகக் காகிதம் கொடுத்தால் நாளைக்கு ஒவ்வொரு வயல்காரனும் வக்கீலைப் பிடிப்பான். அதில் மாட்டுவது பெரிய கம்பெனி இல்லை, நாங்கள்தான்.

ஓய்வுபெற்ற ஏ.இ.

மாட்டட்டும் என்று நான் சொல்ல மாட்டேன் பாய். ஆனால் அவன் கிணற்றுத் தண்ணீரைப் பற்றி உங்களுக்கும் எனக்கும் தெரியும், ஊர் பேர் தெரியாத பேராசிரியருக்குத் தெரியும், அவனுக்கு மட்டும் தெரியக்கூடாது என்றால் என்ன நியாயம்? மாடு குடிக்கவில்லை என்று எழுதியிருக்கிறதே, அது அவன் மாடு.

தோல்மண்டி பாய்

சரி. உங்களோடு வாதாட முடியாது. ஒன்று மட்டும் செய்யுங்கள். 'ந' இல்லாத பக்கத்தின் குரோமியம் எண்ணை நகலில் மறையுங்கள். தப்பான எண்ணால் ஒருத்தன் கடை மூடினால் அந்தப் பாவம் யார் தலையில்?

ஓய்வுபெற்ற ஏ.இ.

மறைக்க வேண்டாம். அமிலம் விடாத மாதிரி உண்மையைவிடக் குறைவாகத்தான் காட்டும் பாய், உங்களுக்கு அது சாதகம்தான். பக்கத்திலேயே 'அமிலம் சேர்க்கப்படவில்லை' என்று ஒரு வரி எழுதிக் கொடுக்கலாம்.

குடியாத்தம் மருமகள்

இப்படி இரண்டு பேர் உட்கார்ந்து பேசுகிற மாதிரி அந்த வீட்டிலும் பேசியிருக்கலாம். ம்.

ஊற்றுக்கால்

சில வாரம் எழுத முடியவில்லை. பொறுத்துக்கொள்ளுங்கள்.

காட்பாடி வீட்டுக்குப் போனேன். பழைய மாணவரும் வந்திருந்தார். நோட்டுகளை இறக்கிக்கொண்டிருந்தபோது சாரின் மனைவி காபி கொண்டுவந்து வைத்துவிட்டுப் பக்கத்திலேயே நின்றார். நோட்டு எங்கே போகப் போகிறது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. கடைசித் தட்டு காலியானதும் ஈரத்துணி எடுத்துவந்து அந்த பீரோவைத் துடைக்க ஆரம்பித்தார். "இது எங்க அம்மா வீட்டுச் சீர். கல்யாணம் ஆகி வந்த மூணாவது மாசம் நோட்டை வெச்சாரு. என் புடவை எல்லாம் கட்டிலுக்கு அடியில டிரங்குப் பெட்டியிலதான்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை, சும்மா தகவல் சொல்கிற மாதிரி. கோவைக்கு லாரியில் என்ன போகிறதோ இல்லையோ பீரோ போகிறதாம். நானும் மாணவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் காபியைக் குடித்தோம்.

நோட்டுகள் என் வீட்டுக்கு வரவில்லை. ஏ.இ. சார் வீட்டு மாடியில் இடம் கொடுத்திருக்கிறார். ஸ்கேன் வேலையை மாணவரும் நானும் ஞாயிற்றுக்கிழமைகளில் பிரித்துக்கொண்டிருக்கிறோம். ஏ.இ. சார் சொன்னபடி பக்கம் பக்கமாக நகல் கொடுக்கத் தொடங்குகிறோம், பாய் கேட்டதற்கும் ஒரு வரி உண்டு. கட்டுரை கேட்டவருக்கு எல்லோருக்கும் கிடைக்கிற அதே கோப்பு கிடைக்கும், முன்கூட்டி இல்லை.

வீட்டில்: நோட்டு இங்கே வராது என்று அவரிடம் நேராகவே சொன்னேன், மகள் வழியாக இல்லை. "சரி" என்றார். கொஞ்ச நேரம் கழித்து டிவி சத்தத்தைக் கூட்டினார். நோட்டு போய்விட்டது, பேச்சு திரும்பி வரவில்லை. மறுவாரம் நான்தான் ஆரம்பித்தேன். கேன்டீனில் யாராவது கேட்டார்களா என்றேன். "கேட்டா இன்னா, ஒரு நாள் கேப்பான்" என்றார். பிறகு இரவு ரொம்ப நேரம் பேசினோம், எத்தியோப்பியா வரைக்கும் போனது. மார்ச்சில் மகளுக்குப் பரீட்சை முடிந்ததும் அவர் ஆம்பூரில் வீடு பார்த்துப் போகிறார். வக்கீல் இப்போது வேண்டாம் என்று இருவருமே நினைக்கிறோம். கடன் தவணையைப் பாதிப் பாதியாகக் கட்டுவது என்று முடிவு. மகளிடம் சேர்ந்து உட்கார்ந்து சொன்னோம். அவள் அழவில்லை. "இனிமே கேஸ் யார் புக் பண்றது?" என்று கேட்டாள்.

காட்பாடி ஜங்ஷன்

முதலில் கிண்டல் செய்ததற்குச் சங்கடமாக இருக்கிறது மேடம். என்னிடம் வேகமான ஸ்கேனர் ஒன்று இருக்கிறது. ஆபீஸ் இல்லை, சொந்தம். காந்தி நகர் வந்து எடுத்துக்கொள்ளுங்கள்.

மாதனூர்க்காரன்

இதை வாட்ஸப்பில் யாரோ அனுப்பினார்கள், அதற்காகவே கணக்குத் தொடங்கினேன். எங்கள் தாத்தா கிணறு மாதனூருக்குத் தெற்கே, ஆற்றோரம். இரண்டு புளியமரம் இருந்தது. ஒரு வாத்தியார் டிவிஎஸ்ஸில் வந்து தண்ணீரை வாயில் ஊற்றிக் கொப்பளித்துத் துப்புவார் என்று அப்பா சொல்வார். நோட்டில் இருக்குமா? கிணறு இப்போது மூடிவிட்டோம், மேலே தென்னை வைத்திருக்கிறது.

ஊற்றுக்கால்

புளியமரத்துக் கிணறு என்று மூன்று பக்கம் இருக்கிறது, மூன்றும் வேறு வேறு ஊர். மாதனூர் ஒன்று உண்டு. ஆனால் ஆரம்ப வருடங்களில் உப்பும் கடினத்தன்மையும் மட்டும்தான், குரோமியம் பிற்பாடு. சர்வே எண் அனுப்பினால் சரிபார்த்து நகல் தருகிறேன்.

ஓய்வுபெற்ற ஏ.இ.

தம்பி, சர்வே எண்ணோடு உட்பிரிவும் அனுப்பு. உன்னிடம் இருப்பது யுடிஆருக்கு (நிலப் பதிவேடுகளைப் புதுப்பித்த திட்டம்) முந்தைய பட்டாவா, பிந்தையதா? அந்தப் பக்கத்தில் பேராசிரியர் பழைய எண்ணைத்தான் எழுதியிருக்கிறார்.